விண்துகள் கண்டு பிடிக்கும் நிலையம்

அந்த நிலையத்தைத் தொடங்கச் சொன்ன ஆணையைத் தட்டச்சு செய்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் வாசலில் சிலை வைத்திருப்பார்கள். ‘விண்துகள் கண்டுபிடிக்கும் நிலையம்’ என்று அடிக்க வேண்டியவர், தூக்கக் கலக்கத்தில் நடுவில் ஒரு தட்டுக் கூடுதலாகத் தட்டி, ‘கண்டு பிடிக்கும் நிலையம்’ என்று அடித்துவிட்டார். கையெழுத்தான ஆணையில் பிழை இருக்க முடியாது. இருப்பதாக யாராவது சொன்னால் அது பிழையில்லை, கொள்கை. ஆகவே காண்பதற்கு ஒரு பிரிவு, பிடிப்பதற்கு ஒரு பிரிவு என்று நிலையம் பிறக்கும்போதே இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தது. இரண்டு கட்டடம், இரண்டு தலைவர், இரண்டு கார், கார்களுக்கு வெயில் படாமல் இரண்டு கொட்டகை. நடுவே நீளமாக ஒரு நடைபாதை. அந்த நடைபாதைதான் ஆணையில் விழுந்த இடைவெளி என்று சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார்கள்.

நிலையம் தேடியது நியூட்ரினோவை. நியூட்ரினோ என்பது கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய சித்தப்பா மாதிரி. யாரையும் தொடாது, யார் கூப்பிட்டாலும் நிற்காது, வளையாமல் நெளியாமல் போய்க்கொண்டே இருக்கும். சுவரா, மலையா, பூமியா, எதுவும் பொருட்டில்லை. சூரியனிலிருந்து வருகிற சில்லறை நியூட்ரினோக்கள் ஊர்ப்பட்டது உண்டு. அவற்றை நிலையம் சட்டை செய்வதில்லை. அதற்கு வேண்டியது பெரிய இடத்துப் பிள்ளைகள். கணக்கில் அடங்காத தொலைவில், ஏதோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடு வயிற்றில், கருந்துளை ஒன்று அகப்பட்டதையெல்லாம் விழுங்கி ஏப்பம் விடும்போது தெறித்துக் கிளம்புகிறவை. அப்படி ஒன்று அபூர்வத்திலும் அபூர்வமாகத் தண்ணீரில் ஓர் அணுவின்மேல் இடித்துக்கொண்டால், இடித்த இடத்திலேயே வேறு துகளாக மாறி ஓடும். ஓடுகிற வழியெல்லாம் நீல வெளிச்சம் சிந்தும். அந்த வெளிச்சத்துக்காக, வெயில் எட்டாத ஆழமான ஏரிக்குள் கம்பிவடங்களில் கண்ணாடி உருண்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உருண்டைக்கு ஒரு கண்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வானத்திலிருந்தும் துகள்கள் ஓயாமல் ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அவற்றுக்குப் பூமியைத் துளைத்து மறுபக்கம் வரத் தெம்பில்லை. அந்தத் தெம்பு நியூட்ரினோவுக்கு மட்டும்தான். எனவே மேலிருந்து கீழே வருவது இரைச்சல். கீழிருந்து மேலே வருவதுதான் சேதி. இது அறிவியல். நிர்வாகம் இதற்கு நேர் தலைகீழ். அங்கே மேலிருந்து கீழே வருவது ஆணை. கீழிருந்து மேலே வருவது வாய்க்கொழுப்பு.

காணல் பிரிவில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். நிரந்தரம் இல்லாத வேலை என்பதால் அவளை எல்லோரும் ‘தற்காலிகம்’ என்றே கூப்பிட்டார்கள். “ஏம்மா தற்காலிகம், அந்த ஜன்னலைச் சாத்து” என்பார்கள். அவளும் சாத்துவாள். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள். அவர்கள் வீட்டில் அதற்கு முன் பட்டம் என்றால் வாலும் நூலும் உள்ளதுதான். இவள் வாங்கிவந்த பட்டம் எந்தக் காற்றில் பறக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

“வேலை என்னன்னுதான் சொல்லேன்டி” என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

“வராத ஒண்ணுக்காகக் காத்துக்கிட்டிருக்கணும்மா.”

“அதைத்தானே நான் தினம் பஸ் ஸ்டாப்புல சும்மா செய்யறேன்.”

வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து தினமும் காலையில் வாசலில் காவல் அதிகாரி அவளை நிறுத்துவார். தடித்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, உலகத்தில் எவரையும் ஒருமுறைக்கு மேல் பார்த்த நினைவே இல்லாத கண்கள்.

“எங்கிருந்து?”

“வீட்லேர்ந்து சார்.”

“எங்கே?”

“உள்ளே சார்.”

“எதுக்கு?”

“வேலைக்கு.”

இந்த மூன்று கேள்விக்கும் பதில் வந்தால்தான் தடுப்புக் கம்பு மேலே போகும். இயக்குநருக்கும் இதே மூன்று கேள்விதான். இயக்குநர் மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

அப்படியொரு துகள் வந்த அன்று மதியம், இயக்குநரின் புது நாற்காலிக்கு வரவேற்பு விழா. இரு பிரிவுகளும் மொத்தமாக மாநாட்டு அறையில் கூடியிருந்தன. நாற்காலியை வரவேற்றுக் காணல் பிரிவுத் தலைவர் பேசினார்; அது வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லிப் பிடித்தல் பிரிவுத் தலைவர் பேசினார். தற்காலிகத்துக்கு அழைப்பில்லை. அவள் திரை அறையில் தேநீரை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏரியின் ஆக அடியில் இருந்த உருண்டை முதலில் விழித்தது. அடுத்து அதற்கு மேல் இருந்தது. அதற்கும் மேல் இருந்தது. கீழே இருட்டிலிருந்து யாரோ கையில் விளக்கோடு படியேறி வருவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, கோணல்மாணல் இல்லாத ஒரே கோட்டில், ஏரியையே குறுக்காகக் கடந்து அந்த வெளிச்சம் மேலே போயிற்று. கண்ணிமைக்கும் நேரம் என்று சொல்வதுகூடத் தாராளம். கணினி மெதுவாகப் போட்டுக் காட்டியதால் அவளால் பார்க்க முடிந்தது. தேநீர் மடியில் கொட்டியதை அவள் அப்புறம்தான் கவனித்தாள்.

கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தாள். ஏரிக்கு அடியில், பூமிக்கு அந்தப் பக்கம், வானத்தின் ஒரு மூலையில் அது போய் நின்றது. அந்த மூலையில் அழுக்குப் பொட்டு மாதிரி ஒரு விண்மீன் மண்டலம் இருப்பது வரைபடத்தில் தெரிந்தது. அங்கே ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது. எந்த நேரமும் அடங்கிவிடலாம். உலகத்துத் தொலைநோக்கிகள் இப்போதே அந்தப் பக்கம் திரும்பினால் இந்தத் துகள் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். திரும்பாவிட்டால் அனாதைதான். அத்தனை தூரம் எங்கேயும் நிற்காமல் வந்து, கடைசியில் இந்த நிலையத்தின் வாசலிலா தடுக்கி விழவேண்டும் என்று அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

உலகத்துக்குச் சொல்ல வழி இருந்தது. திரைக்குப் பக்கத்திலேயே ‘உலகுக்கு அறிவி’ என்று சிவப்பாக ஒரு பொத்தான். அதன்மேல் கண்ணாடி மூடி. மூடிக்குப் பூட்டு. பூட்டின் சாவி இயக்குநரிடம். சாவி வேண்டும் என்று கேட்க இரு பிரிவுத் தலைவர்களின் சம்மதம் வேண்டும்.

அவள் மாநாட்டு அறைக்கு ஓடி, காணல் பிரிவுத் தலைவரை வெளியே அழைத்தாள். அவர் கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவிட்டிருப்பார். அதைக் கண்ணுக்கு இறக்கி யாரும் பார்த்ததில்லை.

“சார், ஒண்ணு வந்திருக்கு.”

“யாரு?”

“நியூட்ரினோ சார். பெரிசு. கீழேர்ந்து மேல போயிருக்கு.”

அவர் முகத்தில் மகிழ்ச்சி வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்தது. “கண்டது யாரு?”

“நான்தான் சார்.”

“நீ எப்படிக் காணலாம்?”

“புரியல சார்.”

“நீ தற்காலிகம். உன் நியமனத்துலயே தெளிவா இருக்கு, ‘திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்’னு. பார்க்கலாம். காண்பது நிரந்தரப் பணியாளர் வேலை.”

“பார்த்துக்கிட்டிருந்தப்பதான் சார் கண்டேன்.”

“அதைத்தான் எல்லை மீறல்னு சொல்றது. போகட்டும், சின்னப் பொண்ணு. நீ பார்த்ததோட நிறுத்திக்கோ. மீதியை நான் பார்த்துக்கறேன். அதாவது, கண்டுக்கறேன்.”

அவர் திரை அறைக்கு வந்தார். படத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். ஓடும்போது ஏதோ அழைப்பு வந்து கைபேசியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “கண்டேன்” என்றார்.

“அப்ப சாவி கேட்கலாமா சார்? சீக்கிரம் சொல்லணும். தாமதமானா அங்கே அடங்கிடும்.”

“என்னன்னு சொல்லுவே?”

“கண்டுபிடிச்சோம்னு.”

“அவசரப்படாதே. இதுவரைக்கும் நடந்திருக்கறது ‘கண்டு’. ‘கண்டு’ங்கறது என்ன? வினையெச்சம். வந்து, போய், தின்னு, கண்டு. பாதியில நிக்குது. ஒரு வினையெச்சத்தைத் தூக்கி உலகத்துக்கு அனுப்பினா நம்ம மானம் என்னாகறது? அந்தக் கட்டடத்துக்குப் போ. அவங்க பிடிச்சாத்தான் வினைமுற்று.”

தற்காலிகம் நடைபாதையில் ஓடினாள். நடைபாதையில் ஓடக் கூடாது என்று எழுதியிருந்த இடத்திலும் ஓடினாள்.

பிடித்தல் பிரிவுத் தலைவர் நாற்காலி விழாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, உதட்டில் விழாவில் கொடுத்த கேக்கின் மிச்சம். அவருடைய பிரிவின் பெருமை அதன் வைப்பறை. பிடிபட்ட துகளை வைக்க இரட்டைக் கதவு, மூன்று பூட்டு, உள்ளே ஒரு பெட்டி, பெட்டிக்குள் துகளுக்கு அடிபடாமலிருக்க மெத்தை. மெத்தையை வருஷா வருஷம் வெயிலில் காயப்போட்டு எடுத்துவைப்பார்கள்.

“கண்டதா இப்பத்தான் போன் வந்துச்சு” என்றார் அவர், பெட்டியைத் திறந்துகொண்டே. “எங்கே?”

“எது சார்?”

“பொருள்மா. கொண்டு வரலையா?”

“அதை எப்படி சார் கொண்டு வர்றது? அது இடிச்சதுமே வேற துகளா மாறிடுச்சு. அந்தத் துகளும் ஏரியைத் தாண்டி மேல போயிடுச்சு.”

பெட்டியின் மூடி பாதியில் நின்றது. “போயிடுச்சா? நீ பார்த்துக்கிட்டிருக்கும்போதா?”

“ஆமா சார்.”

“பார்த்துக்கிட்டே இருந்திருக்கே. ஒரு கை போட்டு நிறுத்தல.”

“சார், அது பூமியையே துளைச்சுக்கிட்டு வந்திருக்கு.”

“பூமிக்கு அது பொறுப்பு இல்லை. இந்த நிலையத்துக்கு உண்டு.” அவர் மெத்தையை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார். “எத்தனை வருஷமா இந்த மெத்தையைப் பஞ்சு போகாம வெச்சிருக்கேன். எங்க பக்கம் தயாரா இருந்துச்சுன்னு மட்டும் நீ மறக்காம சொல்லணும். எங்களைப் பொறுத்தவரைக்கும், பிடிக்கவில்லை.”

மாலையில் இயக்குநர் கூட்டத்தைக் கூட்டினார். புது நாற்காலி அவரைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்ததால் கால்கள் தரையில் எட்டாமல் லேசாக ஆடின. தற்காலிகம் சுவரோரம் நின்றாள். அவள் உட்கார்ந்தால் எதிர்காலத்தில் அதை முன்னுதாரணமாகக் காட்டுவாள் என்று யாரோ கவலைப்பட்டிருந்தார்கள்.

“நண்பர்களே” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “இது நாள்வரை இந்த நிலையம் எவ்வளவு கட்டுக்கோப்பா நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு புகார் கிடையாது. ஒரு சச்சரவு கிடையாது. ஏன்னா ஒரு துகளும் கிடையாது. தேடறோம், தேடறோம்னு சொன்னோம், பணம் கொடுத்தாங்க. ‘கிடைச்சிடுச்சு’ன்னு சொன்னா நாளைக்கு என்ன கேப்பாங்க? ‘அப்ப இனிமே எதுக்கு நீங்க?’ன்னு கேப்பாங்க. இதை யோசிக்காம ஒரு துகள் வந்திருக்கு. வந்தது வரட்டும். வந்த விதம் என்ன? கீழேர்ந்து மேலயா? நான் இங்கே சேர்ந்த நாள்லேர்ந்து கீழேர்ந்து மேல எதுவும் வந்ததில்ல. வர விட்டதில்ல.”

“சார்,” என்றாள் தற்காலிகம், “கீழேர்ந்து வந்தாத்தான் சார் அது நியூட்ரினோ.”

கூட்டம் திரும்பிச் சுவரைப் பார்த்தது. சுவர் பேசியதாகவே நினைத்துக்கொண்டு மறுபடி திரும்பியது.

“படத்தைத் தலைகீழாத் திருப்பிப் போட்டா என்ன?” என்றார் இயக்குநர். “மேலேர்ந்து கீழே வர்ற மாதிரி. பார்க்கவும் லட்சணமா இருக்கும்.”

படத்தைத் திருப்பினார்கள். வெளிச்சம் மேலிருந்து பவ்வியமாகக் கீழே இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி.

“மேலேர்ந்து வந்தா அது வெறும் இரைச்சல் சார்” என்றாள் அவள். “தினம் லட்சக்கணக்குல கொட்டுது. அதை யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

மேலேயிருந்து வருவதெல்லாம் இரைச்சல் என்று ஒரு தற்காலிகப் பணியாளர் கூட்டத்தில் சொன்னதாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. படத்தை மட்டும் மறுபடி நேராக்கினார்கள்.

“சரி, அறிக்கை ஒண்ணு விடுவோம்” என்றார் இயக்குநர். “சுருக்கமா.”

“அந்தத் திசையையும் சேர்த்துச் சொல்லிடலாம் சார்” என்றாள் அவள். குரல் அவளையும் மீறிக் கெஞ்சலாக வந்தது; அதற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. “அது ஒண்ணு போதும். வேற எதுவும் வேண்டாம். எல்லா தொலைநோக்கியும் அங்கே பார்க்கணும்.”

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். “இதுதாம்மா அனுபவம் இல்லாத பேச்சு. திசையைச் சொன்னா எல்லாரும் அங்கே பார்ப்பாங்க. அப்புறம் நம்மை யார் பார்ப்பா?”

காணல் பிரிவு தன் முடிவைச் சொன்னது: கண்டோம். பிடித்தல் பிரிவு தன் முடிவைச் சொன்னது: பிடிக்கவில்லை. இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்படி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், அறிக்கை அன்றைக்கே பத்திரிகைகளுக்குப் போயிற்று:

‘விண்வெளியின் பெரும் தொலைவிலிருந்து வந்த நியூட்ரினோவை எங்கள் நிலையம் கண்டது. பிடிக்கவில்லை.’

மறுநாள் காலை பேப்பர்களில் தலைப்பு: ‘நியூட்ரினோ வந்தது, நிலையத்துக்குப் பிடிக்கவில்லை.’ நிருபர்களின் அழைப்புகளை இயக்குநரே எடுத்தார்.

“ஏன் சார் பிடிக்கல?”

“நடைமுறைச் சிக்கல்கள்.”

“அதுல என்ன குறை கண்டீங்க?”

“குறைன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் வேகம் அதிகம்.”

“அடுத்து வர்றதாவது பிடிக்குமா சார்?”

“முயற்சி பண்ணுவோம்.”

பத்து மணி வாக்கில் அமைச்சகத்திலிருந்து பாராட்டு வந்தது. இத்தனை காலம் காத்திருந்தும், வந்த முதல் துகளுக்கே தலையாட்டிவிடாமல் தரத்தில் விட்டுக்கொடுக்காத நிலையம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அம்மாவும் போன் செய்தாள்.

“ஏண்டி, சலவைக்கூடத்துல எல்லாரும் கேக்கறாங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்ததைப் போய் பிடிக்கலைன்னுட்டாங்களாமே. மூஞ்சிக்கு நேராவா சொன்னாங்க?”

“அம்மா, நீயுமா?”

“ஒரு வாய் தண்ணியாவது கொடுத்தீங்களா?”

“ஏரி நிறைய இருந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அழலாமா சிரிக்கலாமா என்று முடிவெடுப்பதற்குள் காவல் அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நிலையத்தின் கைக்கு எட்டிய ஒன்றைத் தப்பவிட்டதாக அவள்மேல் விசாரணை.

காவல் அறை வாசலை ஒட்டியிருந்தது. ஒரு மேசை, ஒரு விசிறி, ஜன்னலில் ஏரி. அவர் பேனாவைத் திறந்தார்.

“உள்ளே வந்தவன் பேரு?”

“நியூட்ரினோ சார்.”

“இந்த வாசல் வழியா வரல. நான் இங்கேயேதான் இருந்தேன்.”

“இல்ல சார். கீழேர்ந்து.”

“கீழேர்ந்துன்னா? சுரங்கமா?”

“பூமிக்கு அந்தப் பக்கம் நுழைஞ்சு, இந்தப் பக்கம் ஏரியில வந்திருக்கு.”

அவர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். “பெரிய கைதான். எப்படித் தப்பிச்சான்?”

“வேறொண்ணா மாறிடுச்சு சார்.”

“ஆள்மாறாட்டம்.” அவர் குரலில் முதல் முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. அந்த வாசலில் உட்கார்ந்த காலம் முழுவதும் அவர் காத்திருந்த ஆள் இப்படிப்பட்டவன்தான். “அடையாளம் சொல்லு. நிறம்?”

“இல்ல.”

“எடை?”

“இருந்தும் இல்லாத மாதிரி.”

“குணம்?”

“யார்கூடவும் ஒட்டாது சார். யாருக்காகவும் வளையாது.”

“எங்கிருந்து?”

தற்காலிகம் பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். அந்த மனிதர் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, தினமும் காலையில் கேட்கிற அதே குரலில், மறுபடி கேட்டார். “எங்கிருந்துன்னு கேட்டேன். சொந்த இடம்.”

நேற்றிலிருந்து அந்த நிலையத்தில் அவளிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

“சரியாச் சொல்லணுமா சார்? வானத்துல எந்த இடம், எத்தனை கோணம், எல்லாம்?”

“அரைகுறையா எழுதற பழக்கம் எனக்கில்ல.”

அவள் சொன்னாள். புள்ளிக்குப் பின்னால் வருகிற இலக்கங்களை அவர் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார். “எத்தனை மணிக்கு நுழைஞ்சான்?” அதையும் சொன்னாள். “கூட்டாளிகள்?”

“இருக்கலாம் சார். அதே இடத்துலேர்ந்து இன்னும் வரலாம். அந்த இடத்தை உடனே யாராவது கண்காணிச்சா நல்லது.”

“யாராவதா? எல்லாரும்.” அவர் எழுந்தார். “திருட்டு, தீ, தப்பியோட்டம். இந்த மூணுக்கும் உலகத்துல இருக்கற அத்தனை ஆய்வு நிலையத்துக்கும் நாங்க நேரா எச்சரிக்கை அனுப்பலாம். உடன்படிக்கை இருக்கு.”

“இயக்குநர்கிட்ட சம்மதம் கேட்க வேண்டாமா சார்?”

“தப்பிச்சவனைத் தேட எவன் சம்மதமும் தேவையில்ல” என்று சொல்லி அவர் கணினியில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். தற்காலிகம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் எதையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

எச்சரிக்கை இப்படிப் போயிற்று: ‘அவசரம். பெயர் நியூட்ரினோ. நிறமற்றவர், மின்னூட்டமற்றவர், யாருடனும் ஒட்டாதவர். ஏரிக்கு அடியிலிருந்து அனுமதியின்றி நுழைந்து, நீல வெளிச்சத்துடன் காணப்பட்டு, உருமாறித் தப்பினார். சொந்த இடம் கீழே குறிப்பிட்டுள்ள கோணங்களில். கூட்டாளிகள் அங்கிருந்து புறப்படக்கூடும். எல்லா நிலையங்களும் அந்தத் திசையை உடனே இடைவிடாது கண்காணிக்கவும்.’

உலகத்தின் தொலைநோக்கிகள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பின. சிரித்துக்கொண்டே திருப்பியவர்கள்தான் அதிகம். திருப்பியபின் சிரிப்பு நின்றது. அழுக்குப் பொட்டு மாதிரி இருந்த அந்த மண்டலம் பற்றியெரிந்துகொண்டிருந்தது. அடங்குவதற்கு இன்னும் கொஞ்சமே மிச்சம் இருந்த நேரத்தில், அதை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். துகளுக்கு வீடு கிடைத்துவிட்டது.

இயக்குநருக்குச் செய்தி எட்டியபோது அவர் அரை மணி நேரம் கோபப்பட்டார். பிறகு வாழ்த்துகள் வரத் தொடங்கியதும், பாதுகாப்பு ஏற்பாட்டின் வழியாகச் செய்தி அனுப்புவது தன்னுடைய நெடுநாள் திட்டம் என்று ஞாபகம் வந்தது. பொத்தானை முறைப்படி அழுத்திப் படமெடுத்துக்கொள்ள ஒரு விழா வைத்தார்கள். கண்ணாடி மூடியைத் திறந்து, எல்லோரும் கைதட்ட, இயக்குநர் ‘உலகுக்கு அறிவி’யை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்த மின்பணியாளர், பொத்தானுக்கு வயரே இல்லை என்றார். நிறுவிய காலத்தில் பொத்தான் வாங்கும் பொறுப்பு காணல் பிரிவுக்கும், வயர் வாங்கும் பொறுப்பு பிடித்தல் பிரிவுக்கும் இருந்ததாம்.

விழா முடிந்ததும் தற்காலிகத்தை இயக்குநர் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைப் பார்த்துக்கொண்டாள்.

“நடந்ததை யோசிச்சுப் பார்த்தேன்” என்றார். “தப்பு எங்கேன்னு புரிஞ்சுது. காணலுக்கும் பிடித்தலுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. அதுலதான் எல்லாம் நழுவுது.”

அவளுக்கு நெஞ்சில் ஏதோ துளிர்த்தது. “ஆமா சார். அந்த இடைவெளியை எடுத்துட்டா போதும்.”

“எடுக்கறதா? ஆணையில இருக்கறதை எப்படி எடுக்கறது? அதைக் கவனிக்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை. அதனால இடைவெளிப் பிரிவுன்னு புதுசா ஒண்ணு தொடங்கறோம். நடைபாதையிலயே அலுவலகம். நீதான் தலைவர். நிரந்தரம். காருக்குக் கொட்டகை போட்டுடலாம். வா, இடத்தைக் காட்டறேன்.”

காட்டினார். நடைபாதையின் நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, இருபுறமும் ஆள் போக வர வழி. மேசைமேல் அவளுக்கான பெயர்ப்பலகை, பெயர் எழுதப்படாமல். சலவைக்கூடத்தில் அம்மாவின் கைகள் சோடாவில் வெந்து ஊறியிருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. நிரந்தரம் என்ற சொல்லுக்காக அந்த வீட்டில் எத்தனை பேர் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“என்னம்மா சொல்றே?”

“கண்டேன் சார். பிடிக்கல.”

இயக்குநர் சிரித்தார். “பிடிக்கறது அந்தக் கட்டடத்து வேலைம்மா. அதுல நீ தலையிடக் கூடாது.”

அன்று மாலை காவல் அதிகாரி அவளை வாசலில் நிறுத்தினார். கையில் ஒரு தாள். முகத்தில் கவலை.

“நம்ம எச்சரிக்கைக்கு ஒரு தொலைநோக்கி நிலையத்துலேர்ந்து பதில் வந்திருக்கு. உன்னைப் பத்தி. நீயே படி.”

அவள் படித்தாள். ‘நீங்கள் தேடும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அவர் வீட்டைக் கண்டுவிட்டோம். இப்படி ஓர் அடையாளக் குறிப்பை நாங்கள் வாசித்ததே இல்லை. அதைச் சொன்னவரை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்களிடம் வேலைக்கு அனுப்பிவைக்க முடியுமா?’

“ஒப்படைக்கச் சொல்லிக் கேக்கறாங்க” என்றார் அவர் தணிந்த குரலில். “நீ நல்ல பொண்ணு. உன் பேர்ல எனக்கு ஒண்ணும் விரோதம் இல்ல. ஆனா கேட்டா ஒப்படைச்சுத்தான் ஆகணும். உடன்படிக்கை.”

“ஒப்படைச்சுடுங்க சார்.”

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். “எங்கிருந்து?”

“கீழேர்ந்து சார்.”

“எங்கே?”

“மேலே.”

“எதுக்கு?”

“பிடிச்சிருக்கு.”

பேனா நின்றது. அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் கண்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டது அதுதான் முதல் முறை. “பிடிச்சிருக்கா? நிஜமாவா?”

“நிஜமா சார்.”

“சொல்லவே இல்லையே” என்றார் அவர். அவர் தோள்கள் இரண்டும் பாரம் இறங்கித் தளர்ந்தன. தப்பியவரைப் பற்றிய கோப்பை மேசையடியிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ‘கண்டு’ என்று எழுதினார். விரலளவு இடம் விட்டு, ‘பிடித்தாயிற்று’ என்று எழுதினார். பிறகு கோப்பை மூடிவிட்டுத் தடுப்புக் கம்பை மேலே தூக்கினார்.